குடைக்காரர் வீடும் சிரிச்சான் வீடும்

போன ஞாயிற்றுக்கிழமை முடிந்துபோன காதுகுத்துக்கு வந்த பத்திரிகை இன்னும் என் குட்டியானை வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் செருகியபடியே இருக்கிறது. நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் வெயிலில் காய்ந்து உதிர்ந்துவிட்டது. மை வாசனை மட்டும் போகவில்லை. இன்று காலை தென்னூரில் நாற்காலிகளை இறக்கிவிட்டு வந்து வண்டிக் கதவைத் திறந்தபோது, உள்ளே அடைபட்டுக் கிடந்த சூட்டோடு அந்த வாசனை முகத்தில் அடித்தது. ஸ்ரீரங்கம் ரயிலடிப் பக்கம் இருக்கிற உன் அச்சகத்துக்குள் காலை வைத்த மாதிரி ஆகிவிட்டது. "வாடா, இன்னிக்கு எவன் கல்யாணத்தைக் கெடுத்துட்டு வர்றே?" என்று கேட்பாயே, அதற்காக ஒரு நொடி நின்றேன்.

அது உன் பேரனுக்குக் காதுகுத்து. பத்திரிகையில் உன் பெயர் இருக்கிறது. முன்னால் அமரர் என்று போட்டு, இனிஷியல் போட்டு, பெயர் போட்டு, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், கண்ணுக்குத் தவறியிருக்கும் என்று மூன்று தடவை விரலை வைத்துப் படித்தேன். குடைக்காரர் என்ற சொல் எங்கேயும் இல்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நீ இருந்தால் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து வைத்திருப்பாய். திருத்த ஆள் இல்லை, தப்பெல்லாம் அப்படியே கிடக்கட்டும்.

முக்கொம்புக்கு மேற்கே நம் ஊரில் எட்டு முருகேசன், ஆறு செல்வராஜ். வடக்கத்திக்காரர்களுக்கு இருப்பது போல பெயருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள நமக்கு எதுவும் கிடையாது. அதனால் வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர். தபால்காரர்கூட அதைக் கேட்டுத்தான் கடிதத்தைக் கொடுப்பார். ஒத்தச்செருப்பு வீடு, அரைமீசை வீடு, ரயிலைப் பார்த்தான் வீடு. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் யாரோ ஒரு கொள்ளுத்தாத்தா ஊருக்கு முன்னால் அசடு வழிந்த ஒரு நாள் இருக்கும். ஒருநாள் கூத்து, நாலு தலைமுறைக்கு விலாசம். நல்லது செய்தவனுக்கு நம் ஊர்க்காரன் பெயர் வைத்ததாக எனக்கு நினைவே இல்லை.

உங்களுடையது குடைக்காரர் வீடு. எங்களுடையது சிரிச்சான் வீடு. ஊரிலேயே கெட்டிக்காரப் பெயர் எங்களுடையதுதான் என்று எனக்குப் பெருமை. எங்கப்பா எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார். நான் என் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகும்போதே ஏதோ சொல்லி, பாடை தூக்கியவர்களைக் குலுங்க வைத்தவன். இப்படிப்பட்ட பரம்பரைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

பள்ளிக்கூடத்தில் உன்னைக் கேலி செய்ய ஆரம்பித்தவனும் நான்தான். வாழையிலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, "கொடக்காரா, மழை வருது, புடிடா!" என்று உன் பின்னாலேயே ஆடிக்கொண்டு வருவேன். மற்ற பையன்களும் ஆளுக்கொரு இலையோடு சேர்ந்துகொள்வார்கள். நீ திரும்பியே பார்க்க மாட்டாய். என் வீட்டுப் பெயரைச் சொல்லி ஒரு தடவைகூட நீ பதிலுக்குக் கிண்டல் செய்ததில்லை. அதில் கிண்டல் செய்ய ஒன்றும் இல்லை, பாவம், அவன் என்ன செய்வான் என்று நினைத்துக்கொள்வேன்.

நீ பத்தாவது முடித்து அச்சகத்தில் சேர்ந்தாய். நான் கல்யாணத்துக்கு நாற்காலியும் பாத்திரமும் ஏற்றி இறக்கினேன். நீ பத்திரிகை அடித்த கல்யாணங்களுக்கெல்லாம் என் நாற்காலி போகும். உன் மேசைக்கு எதிரே உட்கார்ந்து டீ குடிப்பதுதான் எனக்கு வேடிக்கை. ஒரு நாள் ஓர் ஆள் வந்து குசுகுசுவென்று சொன்னானே, நினைவிருக்கிறதா?

"எங்க வீட்டுப் பேரு மட்டும் போடாதீங்க சார். பொண்ணு வீட்டுக்காரங்க படிச்சவங்க."

"என்ன பேருங்க?"

"அது... அரைமீசைன்னு சொல்லுவாங்க."

"போடலைன்னா உங்க ஊர்க்காரன் ஒருத்தனும் வர மாட்டான். எந்த முருகேசன்னு எவனுக்குத் தெரியும்?"

அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பொடி எழுத்துல போடுங்க" என்றான். நான் சும்மா இருந்தேனா? "பாதி எழுத்துல போடு மாப்ள, மீசை மாதிரியே இருக்கும்" என்றேன். அவன் முகம் செத்துப் போனது. அவன் போன பிறகு நீ சொன்னாய்: "பேருங்கறது அவன் தூக்கிக்கிட்டு நடக்கறதுடா. நீ ஏன் அதும்மேல ஏறி உக்கார்றே?" அதற்கும் சிரித்தேன்.

அப்புறம் உன் மகனுக்கு வெளிநாட்டு வேலை வந்தது. பாஸ்போர்ட் ஃபாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். "நமக்கு சர்நேம் என்னப்பா?" என்று கேட்டிருக்கிறான். முப்பது வருஷம் ஊரார் பெயரையெல்லாம் அழகாக அச்சுப் போட்டவன், உன் பெயரையும் கொஞ்சம் இஸ்திரி போட்டாய். குடைக்காரர் குடையார் ஆனார். ஜமீன் ஊர்வலத்தில் வெள்ளைப் பட்டுக்குடை பிடித்த பரம்பரை என்று மகனிடம் ஒரு கதை சொன்னாய். அவன் நெஞ்சை நிமிர்த்தி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது.

கே.கே. நகரில் பெண் பார்த்து, தென்னூரில் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயதார்த்தம் வைத்தாய். அதற்கு முதல் நாள் அச்சகத்துக்கு வெளியே என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாய்.

"மாப்ள, மண்டபத்துக்கு வர்றவங்கள்ல நிஜக் கதை உனக்கும் எனக்கும்தான் தெரியும். நாளைக்கு நீ மட்டும் வாயைத் திறக்காதே. பையன் அந்தப் பேரோட போகட்டும். எங்க வீட்ல ஒருத்தனாவது அதைத் தலை நிமிந்து சொல்லட்டும்டா."

"சத்தியமா" என்றேன். நீ என் கையைப் பிடித்தாய். உன் விரலில் இருந்த மை என் உள்ளங்கையில் ஒட்டியது. நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் மண்டபத்தில் உன் சம்பந்தி பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "குடையார் இல்லம்னு போட்டிருக்கீங்களே, பேரே கம்பீரமா இருக்கே, என்னங்க அது?" என்றார். ஆபீசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன், எல்லாவற்றையும் விசாரிப்பார். நீ ஆரம்பித்தாய். ஜமீன், பட்டுக்குடை, மேளம். கூட்டம் கேட்கக் கேட்க உனக்கும் உற்சாகம் வந்து, "யானைக்குப் பக்கத்துலயே நடந்து போவாராம்" என்றாய். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்னை ஒரு பார்வை பார்த்தாய். கெஞ்சுகிற பார்வை. அது எனக்குப் புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். புரிந்தது. ஐம்பது பேர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், கைக்கெட்டும் தூரத்தில் இவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கிறது. என்னால் முடியவில்லை.

"யானையா? யானையை எப்ப மாப்ள சேத்தே? போன வாரம் வரைக்கும் இல்லையே!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ருசி கண்டுவிட்டேன். "சம்பந்தி, நான் சொல்றேன் கேளுங்க" என்று எழுந்து நின்றேன். எங்கப்பா எனக்கு நடித்துக் காட்டிய மாதிரியே நடித்தேன். நம்மவர்கள் பண்ணையார் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த காலம். உன் கொள்ளுத்தாத்தா திருச்சியில் ஒரு கறுப்புக் குடை வாங்கி, ஐப்பசி மழையில் அதை விரித்துக்கொண்டு அந்தத் தெரு வழியாக வந்துவிட்டார். பண்ணையார் பிடித்து நிறுத்தினார். "குடைன்னா அவ்வளவு ஆசையாடா? புடிச்சுக்கிட்டே நில்லு." தெரு முனையில் மூன்று நாள். மழை விட்டு வெயில் வந்த பிறகும் குடையை மடக்கக் கூடாது, கையை இறக்கக் கூடாது. நான் கைக்குக் கிடைத்த ஒரு கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கி, கை நடுங்க நடுங்க, கால் மாற்றி மாற்றி நின்று காட்டினேன். பெண் வீட்டு அம்மா ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. "அப்ப ஜமீனுக்கு இல்ல, தனக்கே புடிச்சுக்கிட்டாருன்னு சொல்லுங்க!" என்று சம்பந்தி தொடையில் தட்டினார்.

உன் மகன் சந்தனத் தட்டைக் கீழே வைத்தான்.

"அப்பா, நிஜமா?"

"ஆமாண்டா தம்பி" என்றாய். பிறகு யாரையும் பார்க்காமல், "இலை போடச் சொல்லுங்க, நேரமாகுது" என்று சமையல்கட்டுப் பக்கம் போனாய்.

கல்யாணம் நிற்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, ஜாம்ஜாமென்று நடந்தது. ஆனால் உன் மகன் முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டில் அந்தப் பெயரை எடுக்க மனுப் போட்டு, எடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினான். வாரத்துக்கு ஒரு தடவை அம்மாவுக்கு போன் செய்வான். "அப்பா பக்கத்துலதான் இருக்காரு, குடுக்கவா?" என்றால், "வேலை இருக்கும்மா" என்று வைத்துவிடுவானாம். கதையைப் போட்டு உடைத்த என்னை விட்டுவிட்டான், பொய் சொன்ன உன்னைப் பிடித்துக்கொண்டான்.

நீ என்னோடு சண்டை போடவில்லை. நான் அச்சகத்துக்கு வருவேன், உட்காருவேன், டீ வரும். நீ தலையைத் தூக்க மாட்டாய். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் உன்னைச் சிரிக்க வைத்தே தீருவது என்று அந்தக் கதையையே எடுத்தேன். அப்போது சொன்னாய்: "நீ சொன்னது பாதிதாண்டா."

"மீதி வேற இருக்கா? சொல்லு மாப்ள, அடுத்த விசேஷத்துக்கு ஆகும்."

"மீதி உனக்கு வேண்டாம்" என்றாய். என்னிடம் நீ பேசிய கடைசிப் பேச்சு அதுதான். வருஷம் திரும்புவதற்குள் அச்சகத்திலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். மாரடைப்பு என்றார்கள். மகன் வந்து சேர மூன்றாம் நாள் ஆனது. அதுவரை வைத்திருக்க முடியவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு உன் அச்சகத்தில் என்னைத்தான் கேட்டார்கள். "பேரு மட்டும் போதுமாண்ணே?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெறும் பேரைப் போட்டா ஊர்லேந்து எவன் வருவான்? குடைக்காரர்னு பெருசா போடு." நீ அரைமீசைக்காரனுக்குச் சொன்ன அதே நியாயம்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து முக்கொம்பு வரைக்கும் சுவர் சுவராக ஒட்டினோம். உன் படத்துக்குக் கீழே உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில். கூட்டம் வேனில் வந்து இறங்கியது. நான்தான் கூட்டம் சேர்த்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மறுநாள் உன் வீட்டுக்குப் போனபோது உன் மனைவி தெருவில் நின்று, எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைத் தோசைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். உன் முகத்தை விட்டுவிட்டு, எழுத்தை மட்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க."

"சொல்லு தங்கச்சி."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லக் கூடாதுன்னு அவரு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. நீங்க சத்தியத்தைக் காப்பாத்தின அழகுக்கு, நான் மட்டும் எதுக்குக் காப்பாத்தணும்?"

கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை எனக்கு.

"மூணாவது நாளு பண்ணையார் வந்து, தெருவையே கூட்டி, இவனைப் பாத்துச் சிரிங்கடான்னாராம். ஒருத்தரும் சிரிக்கல. அத்தனை பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. மறுபடியும் சொல்லியிருக்காரு. அப்ப ஒருத்தரு சிரிச்சாரு. கொடையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறவரு மூஞ்சைப் பாத்தே சிரிச்சாரு. அவரு சிரிச்ச பெறகுதான் மத்தவங்களும் சிரிச்சாங்க. அவரு உங்க கொள்ளுத்தாத்தா. உங்க வீட்டு மனை இருந்துச்சே, அது அன்னிக்குப் பண்ணையார் குடுத்தது. சிரிச்சான் வீடுன்னு பேரும் அன்னிக்கு வந்ததுதான்."

"அவனுக்கு இது..."

"பத்து வயசுலேந்து தெரியும். நீங்க வாழையிலையை வச்சுக்கிட்டு அவரு பின்னாடி ஆடினப்பவும் தெரியும். அன்னிக்கு மண்டபத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க மூஞ்சை எங்க வச்சுக்குவீங்க? சொல்லுங்கன்னு நான்தான் மன்னாடினேன். 'அவன்கிட்ட இருக்கறதே அந்தச் சிரிப்பு ஒண்ணுதான், அதையும் புடுங்கிட்டா பாவம், என்ன பண்ணுவான்'னாரு. எனக்கு அந்த மனசு இல்லண்ணே. உங்களுக்கு வலிக்கணும்னுதான் சொல்றேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டினேன். அந்த மனையை விற்றுத்தான் இந்தக் குட்டியானையை வாங்கினேன் என்பது உனக்குத் தெரியும். பத்திரம் எழுதுகிற அன்றைக்கு நீதான் கூட வந்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையெல்லாம் விரலால் காட்டினாய். அப்போதும் நீ ஒன்றும் சொல்லவில்லை.

நம்ப முடியாமல் ஊருக்குப் போய், தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு கிழவரிடம் விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உனக்குத் தெரியாதா? எங்களுக்கெல்லாம் தெரியுமேப்பா" என்றார். எங்கப்பா எனக்கு முதல் பாதியை மட்டும் சொல்லி வளர்த்திருக்கிறார். குடை பிடித்தவருடைய கை நடுங்கியதை அவ்வளவு தத்ரூபமாக அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. பார்த்தவன் வீட்டில் வழிவழியாக வந்த நடிப்பு அது.

போன ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகருக்குப் போனேன். நாற்காலி இறக்கப் போகவில்லை, விருந்தாளியாகப் போனேன். உன் மகன் மடியில் பேரனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சம்பந்தி என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"வாங்க வாங்க! குடைக் கதை சொன்னவராச்சே. அன்னிக்கு வராதவங்க நிறையப் பேர் இருக்காங்க, இன்னொரு தடவை சொல்லிடுங்க."

சரி, இதற்காகத்தான் வந்தோம் என்று நினைத்தேன். கையைத் தூக்கவில்லை, காலை மாற்றவில்லை, நடிக்கவே இல்லை. நின்ற இடத்திலேயே நின்று இரண்டு பாதியையும் சொன்னேன். பண்ணையார் சிரிக்கச் சொன்னபோது தெருவில் யாரும் சிரிக்கவில்லை, எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், முதலில் சிரித்தது எங்க கொள்ளுத்தாத்தாதான், அதனால்தான் நாங்கள் சிரிச்சான் வீடு என்று சொல்லி முடித்தேன்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள்.

"இது அதைவிட நல்லாருக்கே! சொந்தப் பாட்டனையே வாருறாரு பாருங்க" என்று சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நிஜமாங்க. விளையாட்டு இல்லீங்க."

அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஐம்பது வருஷம் பழக்கிய மூஞ்சி இது, மாப்ள. என்னைக் கேட்காமலேயே பல்லைக் காட்டிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். உன் பேரன் காதில் ஆசாரி ஊசியை வைத்ததும் அப்போதுதான். பிள்ளை வீறிட்டு அழுதது அந்தச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவே இல்லை.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது உன் மகன் வாசலுக்கு வந்தான்.

"சித்தப்பா, இது அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. ரொம்ப நாளாவே தெரியும்."

பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். உன் கண் அப்படியே அவனுக்கு. ஏதாவது திட்டுவான் என்று நின்றேன். திட்டினால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

"வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க சித்தப்பா, வழி அடைக்குது" என்றான்.

நீ அந்த மீதிப் பாதியைப் பத்து வயதிலிருந்து ஒருத்தரையும் நோகடிக்காமல் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாய். எனக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இறக்கி வைக்க இடம் தேடுகிறேன். எங்கே இறக்கினாலும் சிரிப்பாகத்தான் போய் விழுகிறது.

நேற்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போகும்போது, பின்னாலிருந்து நம் ஊர்க்காரன் ஒருத்தன் "ஏ சிரிச்சான்!" என்று கத்தினான். அவ்வளவு கூட்டத்தில் காதில் விழாத மாதிரி போயிருக்கலாம். திரும்பினேன். நான் இன்னும் வாயையே திறக்கவில்லை, அவன் அதற்குள் பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருந்தான்.